தட்டில் நிற்காத புகை

பிறவியிலேயே எனக்குச் சந்தேகப் புத்தி. டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தால் என் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வேன்.

எழுபதுகளில் தருமபுரியில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் தட்டுகளுக்குப் படம் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரு நாள் பழைய சீமைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆற்றங்கரையில் ஆலைகள், புகைபோக்கிகள், முன்னால் மேயும் மாடுகள். "இதே மாதிரி நம்ம பாலக்கோட்டு சக்கரை ஆலைய எழுதுங்க பாய். புகை முக்கியம். புகை இருந்தாத்தான் ஆலை ஓடுதுன்னு அர்த்தம்" என்றார்.

வர்ணத்தில் டர்பன்டைன் கலந்து, புகையை மல் துணிபோல மெல்லிசாக இழுத்துவிட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. சூளை பார்ப்பவர் மாரண்டஹள்ளிக்காரர், என் வயதுதான். "புகையக் கொஞ்சம் கெட்டியாப் பூசுங்க பாய், நெருப்புல நிக்காது" என்றார். அவருடைய மச்சான் என் வேலைக்கு அடிபோடுவது எனக்குத் தெரியும். படத்தைக் கெடுக்கத்தான் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

சூளையைப் பிரித்தபோது ஆலை இருந்தது, மாடு இருந்தது, புகை மட்டும் இல்லை. "மூடிக் கெடக்கிற ஆலைய எவன் வாங்குவான்? இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க" என்றார் முதலாளி.

அடுத்த சுற்றிலும் புகை இல்லை. சூளைக்காரர் பக்கத்து ஆளிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். என்னைப் பற்றித்தான், வேறென்ன? நேரே முதலாளியிடம் போய், சூளையில் அடுக்கும்போது சூளைக்காரர்தான் புகையைத் துணியால் துடைத்துவிடுகிறார் என்றேன். கண்ணால் பார்த்ததாகவும் சொன்னேன். பார்க்கவில்லை. அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள்.

புது ஆளையும் நம்பாமல், மாதிரிக்கு அதே மெல்லிசுப் புகையோடு ஒரே ஒரு தட்டை நானே சூளையில் வைத்து, சூளை வாயை மண்ணால் பூசும்வரை நின்றேன். புகை இல்லை. அதற்கப்புறம் கெட்டியாகப் பூசினேன். எல்லாத் தட்டிலும் நின்றது.

"பாத்தீங்களா, அவன் போனதும் புகை வந்துருச்சு" என்றார் முதலாளி. நான் அடுத்த தட்டை எடுத்துப் புகை பூச ஆரம்பித்தேன்.

சில மாதம் கழித்து, பாலக்கோட்டில் ஆலை வாசலில் பழைய சூளைக்காரர் கரும்புக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே ஓடிவந்தார்.

"புகை நின்னுச்சுங்களா பாய்?"

"நின்னுச்சு."

"நாந்தான் அப்பவே சொன்னனே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று அப்போதும் தேடினேன். ஒன்றும் இல்லை.