அணி தப்பித்துவிட்டது என்றேன்

மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறவள் நான். அப்படிப்பட்ட நான் ஹூஸ்டன் மருத்துவமனையில் என் கணவரிடம் பொய் சொன்னேன்.

டாக்டர் என்னிடம் கைவிரித்துவிட்டார். நான் கணவரிடம், "ஸ்கேன் நல்லா இருக்காம்" என்றேன்.

காரைக்காலில் பிறந்த அவருக்குப் பிரெஞ்சு லீக் கால்பந்து என்றால் உயிர். அவருடைய அணி அந்த சீசன் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். ஆட்டம் நடந்தபோது அவர் மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டார். அணி தோற்றது.

கண் விழித்ததும், "என்னடி, தப்பிச்சாங்களா?" என்றார்.

"தப்பிச்சுட்டாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

அவர் சிரித்தார். "பொய் சொல்றப்ப மட்டும் ஒனக்குக் கோவமே வராது. ஸ்கேன் ரிசல்ட்டையும் இப்படித்தான் சாஃப்டா சொன்ன."

"ஆமா, தோத்துட்டாங்க! டாக்டரும் இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு! போதுமா?" என்று கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தார்.

"இப்பதான் எம் பொண்டாட்டி பேசுறா" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்த நாட்களில் இருவரும் எதையும் மறைக்கவில்லை. அதற்கு முன் அவர் எல்லாம் தெரிந்தும் என் பக்கத்திலேயே தனியாகப் படுத்திருந்தாரே, அதை நினைத்தால் இன்றும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.