அக்கரையில் கூப்பிட்டால்

இன்று காலை ஓசூரில், தொழிற்சாலை வாசலில், சாலைக்குத் தார் காய்ச்சினார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போக, நான் மட்டும் புகைக்குள் நின்று மூச்சை இழுத்தேன். மனைவி பார்த்திருந்தால் டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பாள். உங்களிடம் சொல்லலாம்: எனக்கு அது ஆற்று வாசனை.

நாட்றாம்பாளையத்துக்குக் கீழே, காவிரியில், எங்களுக்கு ஒரு துறை இருந்தது. தார் பூசிய பரிசல்களில் அக்கரைக் காட்டுப் புளியெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். மண்டிகள், இட்லிக்கடை, தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் சண்டை. நான் மூட்டை தூக்கினேன். நீச்சல் தெரியாது, முழங்காலுக்கு மேல் ஆறு என்னைத் தொட்டதில்லை. துறைக்கென்று ஒரே வழக்கம்: அக்கரையில் யார் கூப்பிட்டாலும் பரிசல் போயாக வேண்டும்.

மாநிலம் பிரித்தார்கள். நேற்றுவரை நம்மோடிருந்த அக்கரை மைசூர்ப் பக்கம் போயிற்று. சரக்கு இனி செக்போஸ்ட் வழியாக லாரியில்தான் வரவேண்டும் என்று ஒரு காவலர் வந்தார். பரிசல்களைக் கவிழ்க்கச் சொல்லி, மாதம்மாவின் பரிசல்மீதே உட்கார்ந்துகொண்டார். புருஷன் போனபின் அவளே ஓட்டிய அந்தப் பரிசலால்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

அப்போது அக்கரையிலிருந்து, பரிசலைக் கொண்டுவரச் சொல்லி, கன்னடத்தில் ஒரு பெண்குரல்: "மாதக்கா! தெப்பா தகொண்டு பா!"

மாதம்மா காவலரிடம் போனாள். "எந்திரி சார். நீ உக்காந்திருக்கிறது என் சோத்துமேல."

"ஆர்டர் இருக்குதும்மா."

"இருக்கட்டும். கூப்டுட்டாங்களே! அங்க நிக்கிறவளுக்கு உன் ஆர்டரு தெரியுமா?"

"சரக்கு ஏத்தினா புடிச்சிருவேன்."

"ஆளத்தான் ஏத்துவேன்."

விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். காவலர் மணலில் சறுக்கினார். முதலில் சிரித்தவன் நான். முதலில் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தவனும் நானே.

திரும்பி வந்த பரிசலில் நான்கு பெண்கள். மூட்டை ஒன்றுகூட இல்லை. மடிமடியாகப் புளி.

"என்னம்மா இது?"

"கொழம்புக்கு சார்," என்றாள் மாதம்மா. "அவங்க வூட்ல பெருசா வெப்பாங்க."

அந்தப் பருவம் முழுக்கப் புளி மடியிலேயே ஆறு கடந்தது. ஆனால் சாலை வந்தது. மண்டிகள் அஞ்செட்டிக்கு ஏறிப் போயின. பரிசல்கள் வெயிலில் பிளந்தன. மாதம்மா மட்டும் சாகும்வரை தன் பரிசலுக்குத் தார் பூசினாள்.

"சரக்குதான் இல்லியே, எதுக்கு மாதக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கூப்டா என்னடா பண்றது?"

போன மாதம் போயிருந்தேன். சில குடிசைகள், ஆடுகள், மண்டி நின்ற இடத்தில் ஆமணக்கு. பஸ்ஸில் துறைக்கு டிக்கெட் கேட்டால் கண்டக்டர் முழிக்கிறார். முழிக்கட்டும், நான் அப்படித்தான் கேட்பேன். பொழுது சாயும்வரை கரையில் நின்றேன். அக்கரையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

வந்திருந்தால், நீச்சல் தெரியாத இந்த மடையன் இறங்கித்தான் இருப்பான்.