என்ன செடி என்று கேட்காமல் கலந்த மண்

மண் கலக்கிற வேலையில் நகத்துக்குள் போகிற அழுக்கைவிடக் காதுக்குள் போகிற பேச்சுதான் அதிகம். துபாய்க்குப் பக்கத்தில் அல் ஐன் என்கிற ஊரில், ஒரு செடி நர்சரியில் ஏழு வருடமாக எனக்கு இதுதான் வேலை. தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம், ஆட்டு எரு, வேப்பம் பிண்ணாக்கு, எலும்புத்தூள், பொரி மாதிரி வெள்ளையாக, லேசாக இருக்கிற பெர்லைட் கல், எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிப் புரட்டி மூட்டை கட்டித் தருவேன். ரசாயன உரம் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்க மாட்டேன். பால்கனியில் தொட்டி வைத்து நொந்துபோனவர்களுக்கு என் பாடு புரியும் என்றுதான் எழுதுகிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்காதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் வருகிற ஆட்களில் ஒருவன் என் மகன் கார்த்தி. கனடாவில் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறான். நாலு வருடமாக நேரில் பார்த்திருக்கவில்லை. அவன் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது, ஊருக்குப் போக எங்களுக்கு லீவு கிடைக்காததால் இங்கேயே வைத்துக்கொண்டோம். அதற்கு அவன் வந்து பத்திரமாக எங்கள் வாசலை மிதிக்க வேண்டும் என்பதுதான் போன வருடம் முழுக்க முருகனிடம் நான் வைத்த ஒரே கோரிக்கை. மண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சும்மா கிடக்கிற மண்

சென்னைக்காரர், பெரிய கம்பெனியில் இன்ஜினியர். கத்தரிச் செடிக்கு ஒரு மூட்டை கேட்டார். என்னென்ன சேர்த்திருக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். மண்ணில் காற்று போக வேண்டும், தண்ணீர் நிற்கவும் வேண்டும், வடியவும் வேண்டும், புழு பூச்சி உயிரோடு இருக்க வேண்டும் என்று என் பங்குக்குக் கால் மணி நேரம் பேசினேன். வெயில் நாற்பத்தைந்து டிகிரி. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிகிற மணல்மேட்டைக் காட்டி அவர் சொன்னது: "ஆன்ட்டி, அங்க இவ்வளவு மண்ணு சும்மா கிடக்குதே, அதுல கொஞ்சம் அள்ளிக் கொடுத்தா ஆகாதா?"

வசந்தியின் கறிவேப்பிலை

வசந்தி திருச்சிப் பெண். புருஷனுக்கு அபுதாபி பக்கம் முசஃபாவில் வேலை, குடும்பம் இங்கே. மூன்றாவது கறிவேப்பிலைச் செடியும் போய்விட்டது என்று தொட்டியோடு வந்து நின்றாள். என் மண் சரியில்லை என்று சொல்லத்தான் வந்தாள், ஆனால் தொட்டியைக் கிளறினால் ஒரு சமையற்கட்டே உள்ளே இருந்தது. வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, டீத்தூள், புளித்த மோர், மாவுக் கரைசல். அதற்கு மேல் காலையும் மாலையும் தண்ணீர். வேர் அழுகிப் பழைய துணி மாதிரி நாறியது.

புதிதாகச் செடி வைக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. பட்டினி போட்டுக் கொல்கிறவர்கள் குறைவு, ஊட்டிக் கொல்கிறவர்கள்தான் அதிகம். இனிமேல் ஒரு மாதம் அந்தத் தொட்டிப் பக்கமே போகாதே என்றேன். அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "என் வீட்டுக்காரருக்குக்கூட நான் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சதில்லை ஆன்ட்டி."

மத்தியான இடைவேளையில் வந்த போன்

எனக்கு மத்தியான இடைவேளை, கார்த்திக்கு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிற விடியற்காலை. வழக்கமாக "சாப்டியா, தூங்கினியா" என்பதோடு முடிந்துவிடும். அன்றைக்கு, "அம்மா, மண்ணு எப்படிக் கலக்கணும்?" என்று கேட்டான். ரூமுக்குள்ளே ஒரு செடி வைத்தானாம், முளைத்து வந்து மூன்று தடவையும் கருகிவிட்டதாம்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது. எருவும் பிண்ணாக்கும் அள்ளிப் போட்டுச் சூடு ஏற்றியிருக்கிறான் என்று கேட்டதுமே தெரிந்தது. நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, மற்றதெல்லாம் கைப்பிடிக்கு மேல் வேண்டாம் என்றேன். நனைத்து மூடி ரெண்டு வாரம் சும்மா விடு, உள்ளே சூடு அடங்கட்டும், அப்புறம் விதை போடு என்றேன். அரை மணி நேரம் பேசினோம். என்ன செடி என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. ரூமுக்குள் வைப்பது என்றால் துளசியாகத்தான் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது, பிள்ளை வைத்த செடி இந்தத் தடவையாவது நன்றாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். போனை வைக்கும்முன் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உனக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கு இத்தனை நாள் தெரியாதும்மா."

கரீம் பாய் பார்த்த படம்

என் வேண்டுதல் பலித்தது. செடி மளமளவென்று வந்துவிட்டது. அடி இலைகளில் நுனி மட்டும் பழுப்பாகிறது என்று கார்த்தி ஒரு படம் அனுப்பினான். அந்த இலையை நான் எங்கள் நர்சரியில் பார்த்ததில்லை. விரல் விரித்த கை மாதிரி இருந்தது. எனக்குத் தெரியாத செடி என்றால் கரீம் பாயிடம்தான் கேட்பேன். பெஷாவர் பக்கத்துக்காரர், இங்கே தோட்ட வேலையில் தலை நரைத்தவர். என் மகன் வளர்த்தது பாருங்கள் என்று பெருமையாகத்தான் போனை நீட்டினேன்.

அவர் ஒரு நொடி பார்த்தார். போனை என் கையிலிருந்து வாங்கிப் படத்தை அழித்தார். அழித்த படம் போனுக்குள்ளேயே இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்திருக்குமாம், அங்கேயும் போய் அழித்தார். பிறகுதான் மெதுவாக, அது கஞ்சாச் செடி என்றார். அவர்கள் மலையில் அது தானாக முளைத்துக் கிடக்குமாம். சட்டைப் பையில் ரெண்டு விதை இருந்ததற்காக இங்கே ஜெயிலுக்குப் போனவனை அவருக்குத் தெரியுமாம். நான் தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன், பாஜி என்றால் அக்கா. "பாஜி, நீங்க எனக்கு எதுவும் காட்டலை, நான் எதுவும் பார்க்கலை, எழுந்து தண்ணி குடிங்க."

கூடவே வருகிற மண்

அடுத்த நாள் மத்தியானம் நானே போன் பண்ணினேன். கத்தவில்லை. கத்துகிற தெம்பு இல்லை. நீ வளர்க்கிறது என்ன என்று மட்டும் கேட்டேன். மறைக்கவில்லை, சொல்லிவிட்டான். அங்கே சட்டமே விட்டிருக்கிறது, வீட்டில் நாலு செடி வரை வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டு ஸ்கூல் டீச்சர் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்றான். எதற்குடா உனக்கு அது என்றேன். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் படுத்தால் தூக்கமே வருவதில்லை, ரெண்டு வருடமாக இப்படித்தான் என்றான். தினமும் தூங்கினியா என்று கேட்டேனே, தினமும் ஆமாம் என்றானே.

ஆனாலும் இங்கே வருகிற விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. நான் எதையும் எடுத்து வர மாட்டேன்மா என்றான். எடுத்து வர வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மண் கலக்கிறவள் வீட்டில் அரிசி களைந்தால் பெர்லைட் மிதக்கும். சேலை மடிப்பில் இருக்கும், செருப்புத் தையலில் இருக்கும். ஒரு நாள் குங்குமச் சிமிழுக்குள் மண்புழு உரம் கிடந்தது. எத்தனை தடவை குளித்தாலும் அது கூடவே வரும். ஒரு விதை அப்படி உன் ஜாக்கெட் மூலையில் வந்தால் உன் அப்பா மேடையில் உட்கார மாட்டார், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்காருவார் என்றேன். செடியை எடுத்துவிடு, அந்த அறையில் இருந்த துணி, செருப்பு, பை எதுவும் வேண்டாம், எல்லாம் புதிதாக வாங்கிக்கொண்டு வா, இல்லையென்றால் வராதே என்றேன். வராதே என்று என் வாயால் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "அப்ப நான் வரலம்மா, நீ நிம்மதியா இரு."

மிளகாய்ச் செடிக்காரர்

அதற்கப்புறம் இருபது நாள் போன் இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது, அவருக்குப் பிரஷர். மகள் ஷார்ஜாவில் இருந்து தினமும் கேட்கிறாள், அண்ணன் டிக்கெட் போட்டாச்சா என்று. வெயில் தணிந்து எல்லோரும் செடி வைக்க ஓடி வருகிற சீசன் வேறு. சஷ்டிக்கு விரதம் இருந்துகொண்டு நாளுக்கு நாற்பது மூட்டை கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பேங்க்காரர் போனை நீட்டி, இலை நுனி கருகுது ஆன்ட்டி, கொஞ்சம் பாருங்க என்றார். போனைப் பார்க்காமலேயே, என்ன செடி என்றேன். வீட்டுக்குள்ளேயா வெளியேயா என்றேன். விதை எங்கே வாங்கினீர்கள், யார் கொடுத்தது, வீட்டில் உங்கள் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டேன். மனிதர் பயந்துபோய்க் கரீம் பாயைப் பார்த்தார். கரீம் பாய் வானத்தைப் பார்த்தார். "மிளகாய்ச் செடி வைக்க எங்க வீட்டம்மாகிட்ட பர்மிஷன் வாங்கணுமா ஆன்ட்டி?"

ஏர்போர்ட்டில் ஒன்றரை மணி நேரம்

இருபத்தோராம் நாள் ஒரு டிக்கெட்டின் படம் மட்டும் வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. செடியை எடுத்தானா என்று கேட்டு எழுத விரல் போனது, ஆனால் அதைப் போனில் எழுதவும் பயம். எழுதவில்லை.

துபாய் ஏர்போர்ட்டில் விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்து ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லாம் தள்ளுவண்டியோடு போய்விட்டார்கள். வீட்டுக்காரர் டீ வாங்கி வரப் போனார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நான் முருகா என்றேன், மூடும்போதும் முருகா என்றேன். உள்ளே ஒரு மேஜையில் அவன் பையைப் பிரித்துக் கொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. வராதே என்றதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு மனசு, அப்படிச் சொன்ன வாய் அழுகட்டும் என்று இன்னொரு மனசு.

கடைசியில் வந்தான். இளைத்திருந்தான். கையில் ஒரே ஒரு புதுப் பை. புது ஷூ, அடியில் விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. கட்டிக்கொண்டு அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "கண்ணு ஸ்கேன் பண்ற இடத்துல பெரிய க்யூம்மா, அதுக்கா அழுவுற?"

ஒரு நாள் வேலையாள்

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அப்பா பக்கத்தில் கார்த்தி நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டால், பகலில் தூங்குகிறானா என்று மட்டும் வெளியே நின்று காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் தூங்கினான்.

திரும்பிப் போவதற்கு முந்தின நாள் என்கூட நர்சரிக்கு வந்தான். என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி அவனே புரட்ட ஆரம்பித்தான். நான் சொல்லாமலே கட்டியை உடைத்தான், ஓரத்தை உள்ளே தள்ளினான், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விட்டான். முருங்கைக்கு மண் வாங்க வந்த ஒரு டீச்சரம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பழகின கையாக இருக்கிறதே, அந்த ஊரில் தம்பி என்ன செடி வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். கரீம் பாய் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டார். நான் மூட்டை கட்டுகிற கயிற்றைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். கார்த்தி மண்வெட்டியை நிறுத்தாமல், என்னையும் பார்க்காமல் சொன்னான். "ஒண்ணு வச்சிருந்தேன் டீச்சர், அம்மா சொன்ன மண்ணுல ஜோரா வந்துச்சு, அம்மா சொன்னாங்கன்னு பிடுங்கிட்டேன்."

ஏழு வருடமாக எத்தனையோ செடிகள் பிழைக்க மண் கலந்து கொடுத்தவள், ஒரு செடி செத்தது என்று கேட்டு அடுத்த மூட்டையை இப்படிச் சிரித்துக்கொண்டு கட்டியது அன்றைக்கு மட்டும்தான்.