போதும் என்றாலும் நிறுத்தாத பந்தி

1. கடைசி பெஞ்ச்

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள், எட்டாம் வகுப்புக்கு லூப் நடத்தினேன். ஒரு நிபந்தனை நிறைவேறும் வரை ஒரே வேலையைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் செய்வதுதான் லூப். போர்டில் எழுதி விளக்கினேன். சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் விளக்கினேன். திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்ச் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. காளீஸ்வரன் மட்டும் எழுந்தான்.

"டீச்சர், செத்த நேரம் கேம் விளையாடுவமா?"

"விளையாடக் கூடாது." அவன் முகம் வாடியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. "வேணும்னா கேம் செய்யலாம்."

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குப் பிறகுதான் உறைத்தது. யாரையும் கேட்காமல் வாயை விட்டுவிட்டோமோ?

சின்னாளப்பட்டியில் வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் சிரித்தார்.

"ஊர்ப்புள்ளைகளுக்கு கேம் சொல்லிக் குடுக்கப் போறியாக்கும். நம்ம கவின் போனைத் தொட்டா மட்டும் வெடுக்குனு புடுங்குற."

நான் தயிர்சோற்றுக் கிண்ணத்தோடு மகன் கவின் பின்னால் போனேன். அவனுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. "போதும்மா" என்பான். "ஒரே ஒரு வாய்" என்பேன். அந்த ஒரே ஒரு வாய் முடிய அரை மணி நேரம் ஆகும்.

2. கடை விரித்த கதை

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, பிள்ளைங்க போனை விடமாட்டேங்குதுன்னு பெத்தவங்க என்கிட்ட வந்து அழுறாங்க. நீ ஸ்கூல்லயே கடை விரிச்சிட்டியா?"

"விளையாட இல்ல மேடம், கோடிங் கத்துக்க..."

"பேரன்ட்ஸ் மீட்டிங்ல காட்டு. ஒருத்தர் முகம் சுளிச்சாலும் அந்தப் பீரியட கணக்கு சாருக்குக் குடுத்துருவேன். அவருக்கு போர்ஷன் முடியலையாம்."

கணக்கு சாருக்கு எந்த வருடமும் போர்ஷன் முடிந்ததில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னுடையது தற்காலிக வேலை. பீரியட் போனால் நானும் போகவேண்டியதுதான்.

3. யாரும் சாகாத சண்டை

கட்டளைகளைக் கட்டைகள் போல அடுக்கி கேம் செய்கிற இலவச சாப்ட்வேர் ஒன்றை லேபில் போட்டேன். பிள்ளைகள் துப்பாக்கி கேட்டார்கள். பெற்றோரை நினைத்து மறுத்தேன். கார் கேட்டார்கள். மோதுமே என்று அதையும் மறுத்தேன்.

"அப்ப யாருமே சாகக் கூடாது, ஆனா சண்டை மட்டும் வரணும்" என்று சலித்துக்கொண்ட காளீஸ்வரன் கொஞ்சம் யோசித்தான். "கல்யாணப் பந்திதான் டீச்சர்."

பந்தியே கேம் ஆனது. விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மவுஸைத் தட்டினால் இலையில் ஒரு கரண்டி பிரியாணி விழும். விருந்தாளி 'போதும்' என்று சொல்லும் வரை பரிமாறு என்று நான் முதல் லூப்பை எழுதிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது.

"போதும்னதும் நிப்பாட்டுனா அம்புட்டுத்தான் டீச்சர். எங்க பெரியப்பா பாதி இலைல எந்திரிச்சுப் போயிருவாரு" என்றான் காளீஸ்வரன்.

"பிறகு எப்ப நிப்பாட்டணும்?"

பேகம்பூர் ரிஸ்வானா நோட்டின் மேல் குனிந்து, இரண்டு கையையும் விரித்து மறைத்துக் காட்டினாள். "இப்படி மறைக்கிற வரைக்கும் போடணும் டீச்சர். எங்க அத்தா மறைச்சாலும் விடமாட்டாரு, விரல் இடுக்குல போடுவாரு." அவளுடைய அப்பா கல்யாணங்களுக்கு பிரியாணி சமைப்பவர்.

நிபந்தனையை மாற்றினோம்: கை இலையை மறைக்கும் வரை. "கையே வரலைன்னா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "ஸ்கிரீன் பூராம் சோறுதாண்டா!" என்றது வகுப்பு. முடிவில்லாத லூப்பை நடத்த நான் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தேன்; அவர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

4. மேடம் பரிமாறுகிறார்

மீட்டிங் அன்று லேபுக்கு முதலில் வந்தது ரிஸ்வானாவின் அத்தா.

"டீச்சரம்மா, எம்மக எந்நேரமும் கேமு கேமுங்குது. படிக்க அனுப்புனேனா, இதுக்கு அனுப்புனேனா?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். முகம் சுளித்த முதல் ஆள் வந்துவிட்டார். கணக்கு சாரின் சாக்பீஸ் என் கண்முன் வந்து போனது.

"தள்ளும்மா, நானே பார்க்கிறேன்" என்று மேடம் மவுஸைப் பிடித்தார். ஒரு கரண்டி வைத்தார். விருந்தாளி "போதும்" என்றார். மேடம் நாகரிகமானவர், அடுத்த இலைக்கு நகர்ந்தார். விருந்தாளி முகம் சிவந்து எழுந்து போனார். 'கோவிச்சுக்கிட்டாங்க' என்று எழுத்து வந்து கேம் முடிந்தது. மறுபடி ஆடினார். மறுபடி கோபம்.

"என்னம்மா இது? அவர்தானே போதும்னாரு?"

அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்பாதீங்க மேடம்! சும்மா சொல்றாரு, இன்னொரு கரண்டி வைங்க!"

"எளவட்டப் பய, நல்லாத் திம்பான், அள்ளி வைங்க!" என்றார் காளீஸ்வரனின் அம்மா.

மேடம் அள்ளி வைத்தார். கை வந்து இலையை மறைத்தது. சரியாக நிறுத்தினார். லேபே கைதட்டியது. யாரும் சொல்லாமலே அடுத்த இலைக்குப் போனார்.

அத்தா ஸ்கிரீனை உற்றுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "பிரியாணிக்கு தால்ச்சா எங்க?"

எனக்கு உயிரே போனது.

"தால்ச்சா இல்லாம பந்தி வச்சா என்னைய எவன் சமைக்கக் கூப்புடுவான்?"

"அடுத்த வெர்ஷன்ல வரும் அத்தா" என்றாள் ரிஸ்வானா.

"எப்ப?"

"கம்ப்யூட்டர் பீரியட் இருந்தா அடுத்த வாரம்."

அவர் தலைமையாசிரியையிடம் திரும்பினார். "பீரியட் இருக்குல்ல மேடம்?"

"இருக்கு, இருக்கு" என்றார் மேடம், ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "செத்த இருங்க, இவரு இன்னும் மறைக்கல."

5. கிண்ணத்தின் மேல் ஒரு கை

அன்றைக்கும் வீட்டில் தயிர்சோறுதான். "போதும்மா" என்றான் கவின். "ஒரே ஒரு வாய்" என்றேன். அவன் தன் சின்னக் கையை விரித்துக் கிண்ணத்தின் மேல் வைத்தான். தினமும் வைக்கிற கைதான். தினமும் அதை மெல்ல விலக்கிவிட்டு ஊட்டுவேன்.

அன்று நிறுத்திவிட்டேன்.

"பாதி அப்படியே இருக்கே!" என்றார் மாமியார். மீதியை நானே சாப்பிட்டேன்.

புதிதாக வகுப்புக்குள் போகிற ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகள் 'புரிஞ்சிருச்சு டீச்சர்' என்பது பந்தியில் சொல்கிற 'போதும்' மாதிரி, நம்பவேண்டாம். ஆனால் மவுஸைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டால் அது இலையை மறைக்கிற கை. அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கினாலும் வீண். வாயை மூடிக்கொண்டு பின்னால் போய் நிற்கவேண்டும்.

வகுப்பில் எனக்கு இது கைவந்துவிட்டது. வீட்டில்தான், கவின் கிண்ணத்தின் மேலிருந்து கையை எடுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும், "பசிக்குதாடா?" என்று கேட்டுவிடுகிறேன். அந்த லூப்புக்கு இன்னும் நிபந்தனை எழுதவில்லை.