இடுப்பளவு கடல்

ஆர்.எஸ்.மங்கலத்து மாலதிக்குக் கல்லூரியில் 'ஒருவேளை' என்று பெயர். ஒருவேளை பஸ் வராவிட்டால், ஒருவேளை பேட்டரி தீர்ந்துவிட்டால் என்றுதான் வாயைத் திறப்பாள். மகள் சினிமா படிக்கிறாள் என்பது நாற்று நடப் போகும் அம்மாவுக்குத் தெரியும். படப்பிடிப்பில் எதெல்லாம் கெட்டுப்போகும் என்று நோட்டில் எழுதிவைப்பதுதான் அவள் வேலை என்பது தெரியாது.

இறுதியாண்டுப் படத்தின் கடைசிக் காட்சி. நடுக்கடலில் ஒரு பெண், வள்ளத்தில் தனியாக. நடிக்கும் சிநேகாவுக்கு நீச்சல் தெரியாது. வள்ளக்காரர் இன்னாசி கேமராவுக்குத் தெரியாமல் உள்ளே படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. 'காற்று அடித்தால்' என்பதற்கு எதிரே மாலதி 'வேறு நாள்' என்று எழுதியிருந்தாள்.

பாம்பனுக்கு வடக்கும் தெற்குமாக இரண்டு பக்கமும் கடல். அன்று தென்கடல் காற்றில் நுரை தள்ளியது. வேறு நாள் இல்லை. இரவல் கேமரா மறுநாள் காலையில் மதுரைக்குப் போயாக வேண்டும்.

"அஞ்சு நிமிசந்தான். போயிட்டு வந்துருவோம்" என்றான் இயக்குநர் சஃபீர்.

"சிநேகா ஏறமாட்டா" என்றாள் மாலதி.

"அவளே ஏறுறேங்குறா. ஒனக்கென்ன?"

"நான் ஏறவிடமாட்டேன்."

இன்னாசி தலையைச் சொறிந்தார். "வடகடலு இப்ப கொளமாட்டம் கெடக்கும். எம் மச்சான் வள்ளமும் அங்கன நிக்கிது. ஆனா ஆழம் பத்தாது பாப்பா. ரொம்ப தூரம் நடந்தே போவலாம்."

மாலதி நோட்டை மூடினாள். "அப்ப அங்கனதான் போறோம்ணே."

"கொளத்துல எடுத்தா கொளமாத்தான் தெரியும்" என்றான் சஃபீர்.

"கேமராவ தாழ்த்தி வையி. கரை தெரியாட்டி அது கடலுதான்."

வடகரையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சஃபீருக்கு எரிச்சல் தீரவில்லை. "ஒருவேள உள்ள பள்ளம் இருந்தா?"

மாலதிக்கும் நீச்சல் தெரியாது. ஊர்க் கண்மாயில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. வள்ளத்துக் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுநுனியை இன்னாசியிடம் கொடுத்தாள். மூங்கில் கம்பால் முன்னே குத்திப் பார்த்து ஓரடி, மறுபடி குத்தி ஓரடி. தண்ணீர் இடுப்புக்கு வந்த இடத்தில் நின்று, சுற்றிலும் குத்திப் பார்த்து, கல் கட்டிய நான்கு மிதவைகளைப் போட்டாள். கரைக்கு வர அரைமணி நேரம் ஆயிற்று.

"வள்ளம் இந்த நாலுக்குள்ளதான். நானும் அண்ணனும் கேமராவுக்குப் பின்னால, கயித்தத் தண்ணிக்குள்ள விட்டுப் புடிச்சுக்கிட்டு நிப்போம்."

முழங்கால் தண்ணீரில் கேமராவுடன் நின்ற சஃபீர் இரண்டாவது டேக்கில் கேட்டான்: "இன்னும் பத்தடி தள்ளலாமா?"

"தள்ளக்கூடாது."

மூன்றாவது டேக்கில் காட்சி அமைந்தது. திரையில் பார்த்தான். மிதவைகள் சட்டகத்துக்குள் வரவில்லை; சிநேகாவைச் சுற்றித் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கேமராவை மாலதி பக்கம் திருப்பிக் காட்டினான்.

அவள் ஒரு காலைத் தூக்கிச் சொறிந்துகொண்டிருந்தாள். கணுக்கால் சிவந்து தடித்திருந்தது.

"வழுவழுன்னு மெதக்குமே, சொறிமீனு, அது பட்டுருக்கு" என்றார் இன்னாசி. "நோட்டுல அது இல்லியோ?"

கரையேறியதும் நோட்டை எடுத்தாள். 'வேறு நாள்' என்பதை அடித்துவிட்டு 'வேறு கடல்' என்று எழுதினாள். அதற்குக் கீழே, சொறிமீன்.