அவித்த மாவில் சுட்ட பாண்

இங்கே கோதுமை மாவுக்கு நம்பர் இருக்கிறது. கடைத் தட்டில் ஒரே அளவான கடதாசிப் பைகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் 405, அடுத்ததில் 550, அதற்கும் அப்பால் 1050. ஜெர்மனிக்கு வந்த புதிதில், தட்டில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் பாண் என்று நாங்கள் சொல்லும் பிரெட்டுக்கு எந்த மா என்று கேட்டேன். "எந்தப் பாண்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். இலங்கையில், எங்கள் ஊர் எத்தாளையில் கடைக்குப் போய் ஒரு பாண் தாங்க என்றால் தருவார்கள், அவ்வளவுதான். "சாப்பிடுகிற பாண்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாப் பாணும் சாப்பிடத்தான் என்று பொறுமையாக விளக்கிவிட்டு மறுபடி பைகளை அடுக்கத் தொடங்கினார்.

அந்தத் தட்டைப் படம் பிடித்து உம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"என்ன மகள், மாவுக்கும் சோதனை வச்சு மார்க்ஸ் போட்டிரிக்காங்களா?"

"ஓம் உம்மா. ஆயிரத்தி அம்பதுதான் கூட."

"அப்ப அதுதான் கெம்பஸ் போன மா."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. உம்மா பள்ளிக்குப் போன காலம் குறைவு. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, தோணியில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது அவ சின்னப் பிள்ளை. அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலுக்குள் தண்ணீர் எடுப்பதும் தம்பிமாரைத் தூக்குவதுமாக எழுத்து போய்விட்டது. என் சான்றிதழ்களைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறா. அவற்றில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவவுக்குத் தெரியும்.

உம்மாவுக்குக் கைபேசி வாங்கிக் கொடுத்த பிறகுதான் கேக் குழு வந்தது. கற்பிட்டிப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து வட்சப்பில் நடத்துகிறார்கள். ஒவ்வொரு வியாழனும் ஒருவருடைய முறை. அவர் செய்முறையை எழுதிப் போட, மற்றவர்கள் அதையே சுட்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு படம் போடுவார்கள். ஒரு கிழமை மீன் வைத்த மாலு பணிஸ், ஒரு கிழமை ரிபன் கேக். குழுவை நடத்துபவர் நஸ்ரியா டீச்சர், மனையியல் படிப்பித்தவர், கற்பிட்டியில் தலைமுறையாக இருக்கும் குடும்பம். செய்முறை எழுத்தில்தான் வரவேண்டும், கிராம் கணக்கில் வரவேண்டும், வியாழன் அஸர் தொழுகைக்குள் வராவிட்டால் முறை அடுத்தவருக்குப் போகும். இவை டீச்சரின் சட்டங்கள்.

உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது குழுவில் யாருக்கும் தெரியாது. வியாழனில் செய்முறை வந்ததும் உம்மா அதை எனக்குத் தனியாக அனுப்புவா, நானும் குழுவில் இருந்தாலும் அதுதான் வாசித்துத் தரச் சொல்லும் அடையாளம். நான் பயிற்சித் தாதியாக வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், துணிகள் அடுக்கும் அறைக்குள் நின்று அதை வாசித்துக் குரலாகத் திருப்பி அனுப்புவேன். கால் உளையும், அடுத்த அறை மணி அடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளி பின்னேரம் மற்றவர்களின் படங்களுக்கு நடுவில் உம்மாவின் கேக் படமும் இருக்கும், கீழே அவவுடைய பெயர். பௌஸியா. அந்த ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும் "மன்னார் ஆக்கள்ட வீடு" என்றுதான் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். அந்தப் பெயரைப் பார்க்கும் ஆசையில்தான் நான் வாசித்தேன்.

போன மாதம் உம்மாவின் முறை வந்தது, முதல் தடவையாக.

"நீ இரிக்கிற ஊர்ப் பாணப் போடுவம் மகள். வேற ஆருக்கும் அது தெரியா. நீ சுட்டுப் பாத்து எழுதித் தா, நான் போடுறன்."

என்னோடு வேலை செய்யும் ஹைக்கே ஞாயிறு தோறும் பாண் சுட்டு, திங்கள் காலையில் எங்கள் தேநீர் அறைக்குக் கொண்டுவருபவர். ஐம்பது வயது தாண்டியவர். எத்தாளைக் கடையில் கிடைக்கும் மாவுக்கு எது பொருந்தும் என்று கேட்டேன். 550 வாங்கு என்றார், செய்முறையையும் சொன்னார். திங்கள் நானும் கொண்டுவருகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு விடுமுறை. மாவைக் குழைத்தேன். அது கையோடு ஒட்டவும் இல்லை, இழுபடவும் இல்லை, ஈர மணல்போலப் பிரிந்தது. தண்ணீர் கூட்டினேன், பிறகு களிபோல ஆனது. பொங்க வைத்தேன், பொங்கவில்லை. ஈஸ்டைச் சந்தேகித்தேன், குளிரைச் சந்தேகித்தேன். அவண் அடுப்புக்குள் வைத்து எடுத்தபோது பலகையில் போட்டால் டொக் என்று சத்தம் வந்தது. வெளியே நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கதிரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழும்பிப் போய் மாப் போத்தலில் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, உதிரியாக, சல்லடையில் அரித்த பதத்தில் இருந்தது.

அது அவித்த மா.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு உடைத்து அரித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். உம்மா அதற்காக மட்டும் அவிப்பதில்லை. கொட்டில் காலத்தில் கிடைத்த நிவாரண மாவில் வண்டு இருந்தது. அரித்து அவித்தால்தான் கொஞ்ச நாள் வைக்கலாம். அந்தப் பழக்கத்தில், "வாங்கின உடனே பாதிய அவிச்சு வை மகள்" என்பா. வண்டே இல்லாத இந்த நாட்டிலும் நான் வாங்கிய உடனே பாதியை அவித்து வைத்தேன். ஒரே மாதிரியான இரண்டு போத்தல்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நான் எதிலும் எதையும் எழுதி ஒட்டவில்லை. ஒருமுறை வெந்த மா பாணுக்குப் பொங்காது.

மறுநாள் ஹைக்கேயிடம் சொன்னேன். "மாவை ஏன் வேக வைத்தாய்?" என்று கேட்டார். கெடாமல் இருக்க என்றேன். கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, "பூச்சியா?" என்றார். இல்லை என்றேன். கொட்டிலையும் நிவாரண மாவையும் பற்றிச் சொல்ல என்னிடம் ஜெர்மன் இருந்தது, மனம்தான் இல்லை. அவர் தலையை ஆட்டினார். அடுத்த நாள் காற்றுப் புகாத மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். "இதற்குள் எதுவும் போகாது" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கிழமை எனக்கு இரட்டை வேலை. மறுபடி சுட்டுப் பார்க்க நேரமும் இல்லை, உடம்பும் இல்லை. புதன்கிழமை உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இந்த முறைய விடுங்க உம்மா. பிறகு பாப்பம்."



"விட்டா விட்டதுதான் மகள். எங்களப்போல வந்தாக்கள்ட முறை திரும்பி வரச் சுணங்கும்" என்றா. பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தா.

வியாழன், துணி அறைக்குள் நின்று கைபேசியைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. குழுவில் உம்மாவின் குரல் வந்திருந்தது. அந்தக் குழுவில் அவ அதுவரை குரல் அனுப்பியதே இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் பௌஸியா. எனக்கு எழுத வாசிக்கத் தெரியா. இவ்வளவு நாளும் என்ட மகள்தான் வாசிச்சுச் சொன்ன. இந்தக் கெழம என்ட முறை, அதால வாயாலயே சொல்றன். மகள் ஜெர்மனில அவிச்ச மாவுல பாண் சுட்டிரிக்கா. படிச்ச புள்ள. அந்தப் பாணால ஒரு ஆள்ட மண்டைய உடைக்கலாம். நீங்க பச்ச மாவுல சுடுங்க. மூணு கோப்ப மா..."

ஹைக்கேயின் செய்முறையை நான் ஒருமுறைதான் உம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். அதை முழுதாகச் சொல்லி முடித்தா. கீழே டீச்சர் எழுதியிருந்தார்: "கோப்பை எத்தனை கிராம்?" உம்மா மறுபடி குரலில், "எங்கட வீட்டுக் கோப்ப டீச்சர். வந்து பாருங்களேன், ஒரு பிளேன்ரீயும் குடிக்கலாம்." அதற்குப் பிறகு பக்கத்து ஊரான பள்ளிவாசல்துறையில் இருந்து ஒரு பெண்ணின் குரல்: "அல்லாவே, நானும் படத்தப் பாத்துத்தான் தாத்தா இவ்வளவு நாளும் சுட்டன்." எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்போம். உம்மாவைக் கற்பிட்டிப் பக்கத்தில் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இத்தனை பேருக்கு முன்னால் என் மானத்தையும் அவவுடைய ரகசியத்தையும் ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டா. அடுத்த அறை மணி அடித்தது. போனேன்.

வெள்ளிக்கிழமை குழு நிறைய அந்தப் பாண்தான். சிலது பொங்கியிருந்தது, சிலது சரிந்திருந்தது. ஒரு படத்தில் எங்கள் வீட்டு மேசையும் உம்மாவின் கோப்பையும் இருந்தன. ஓரத்தில் கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று, டீச்சருடையது.

அடுத்த கிழமையிலிருந்து செய்முறையை எழுத்திலும் குரலிலும் போடுகிறார்கள். உம்மா எதையும் எனக்கு அனுப்புவதில்லை. அவ அங்கே அவர்களில் ஒருத்தியாக வேண்டும் என்றுதான் நானும் வேண்டினேன். ஆனாலும் வியாழன்களில் துணி அறைக்குள் போய், கைபேசியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாசிக்காமல் திரும்பி வருகிறேன். என்னைப்போலத் தூரத்தில் இருப்பவர்களுக்கு இது விளங்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது பசி. பச்சை, அவித்தது என்று இரண்டு போத்தல்களிலும் அடியில் கொஞ்சம் கொஞ்சம்தான் மா இருந்தது. எதுவும் தனியாகப் போதாது. இரண்டையும் ஹைக்கே தந்த பெட்டிக்குள் ஒன்றாகக் கொட்டி, உப்பும் தண்ணீரும் விட்டுக் குழைத்து ரொட்டி தட்டினேன். ஓரமெல்லாம் வெடித்து உதிர்ந்தது. நடுவில் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. சூட்டோடு அந்த நடுவைப் பிய்த்து, நின்றபடியே சாப்பிட்டேன்.