குன்றைத் தாண்டாத பூச்சி

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. அக்கா. மரபணுச் சோதனைக்காக வண்ணத்துப்பூச்சியின் ஒரு காலைக் கத்தரித்து, ஸ்பிரிட் ஊற்றிய குப்பிக்குள் போடுவது வேலை. தான் மூடிய குப்பியையே மறுபடி திருகிப் பார்ப்பாள். வீட்டுக்காரர் சட்டையை மோந்து பார்க்காமல் துவைத்ததில்லை. யாராவது சும்மா சிரித்தால்கூட, ‘இவன் எதுக்கு அடி போடறான்?’ என்றுதான் தோன்றும். என்ன ஜென்மமோ!

பூச்சி பிடித்து வருகிறவர் அவள் தங்கை கணவர். அவர் வீடு, ஆராய்ச்சிக்கூடத்தை ஒட்டிய குன்றுக்கு அந்தப் பக்கம். சிபாரிசு பிடித்து இந்த வேலையை வாங்கித் தந்ததே இவள்தான். அதனாலேயே அவர்மேல் எப்போதும் ஒரு கண்.

அந்த வகைப் பூச்சி வலசை போகாது. பிறந்த செடியைச் சுற்றியே காலத்தை ஓட்டிவிடும். அதனால் குன்றின் இரண்டு பக்கத்துப் பூச்சிகளுக்கும் மரபணுவில் நல்ல வித்தியாசம் இருந்தது. ஆனால் சோதனையில், அந்தப் பக்கத்துக் கால்கள் சில அச்சு அசல் இந்தப் பக்கத்து ரகமாக வந்து நின்றன.

யாரும் கேட்காமலே தலைமை விஞ்ஞானியிடம் போட்டுக்கொடுத்தாள். “அந்தப் பக்கம் எங்க பிடிச்சார்? நம்ம லேப் தோட்டத்துலயே வலையை வீசிட்டு, கதை விட்டிருக்கார் மேடம்.”

மேடம் அவரைக் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்றார்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “சரிவுல பாதி பிடிச்சேன், மழை பெஞ்ச அன்னிக்கு எங்க கொல்லையில பாதி. அதுவும் அந்தப் பக்கம்தானே மேடம்? வந்து பாத்துட்டு அனுப்புங்க.”

அக்காவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனார்கள். கொல்லையில் ஓர் எலுமிச்சைச் செடி, இலைக்கு இலை புழு.

“இது எங்க வாங்கினது?” என்று மேடம் கேட்டார்.

தங்கை அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். “அக்கா கொண்டுவந்தது. கடைக்காரன் ஏமாத்திடுவான்னு லேப் தோட்டத்துலேர்ந்து தோண்டி, பஸ்ல மடியில வச்சுக் கொண்டுவந்தா.”

இலையில் முட்டையும் கூடவே வந்திருக்கிறது. வந்த பூச்சி வழக்கம்போல நகராமல் அங்கேயே பெருகிவிட்டது. மேடம் சிரித்துவிட்டார். அவரை நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

சி.ஐ.டி. அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கை டீ கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா டம்ளரை வாங்கியதும், தங்கை கணவர் மெல்ல அதைத் தன் கைக்கு வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒண்ணும் கலக்கல அண்ணி. தைரியமா குடிங்க.”

தங்கை அவரைத் தடுக்கவில்லை.